இலை எங்கே போயிற்று?



இது பேத்தமங்களா ஏரியைப் பற்றிய பேச்சு. ஏரியில் விழுந்து காணாமல் போகும் இலையைப் பற்றிய பேச்சு என்றும் சொல்லலாம். தங்கவயலில் குழாயைத் திறந்து குடம் பிடிப்பவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

முதலில் ஒரு சின்னச் சோதனை. இதற்குப் பணம் வேண்டாம். வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று எடுங்கள். ஒரு கைப்பிடி காய்ந்த புங்க இலையை உள்ளே போடுங்கள். புளிய இலையும் ஆகும், தைல மர இலையும் ஆகும். தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

காலையில் பாருங்கள். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதைத் துணியில் வடிகட்டுங்கள். இலை துணியில் நின்றுவிடும். நிறம் நிற்காது. துணியை நான்காக மடித்து வடிகட்டினாலும் நிற்காது.

இந்த இலையை மறுபடி காயவைத்து எடை போட்டால் எடை குறைந்திருக்கும். அந்த எடை எங்கே போயிற்று? தண்ணீருக்குள் போயிற்று. கண்ணுக்கு இலையாகத் தெரிந்தது கரைந்துவிட்டது. டீக்கடையில் தினமும் நடப்பது இதுதான். தூள் வடிகட்டியில் நிற்கிறது. சாறு கிளாசுக்கு வருகிறது.

கரியும் கரைந்த கரியும்

இலையை எரித்தால் என்ன ஆகும்? பாதியில் அணைத்தால் கரி மிஞ்சும். விறகும் அப்படியே. அரிசி, பருப்பு, சாணம், மாட்டுக் கொம்பு, பழந்துணி எல்லாம் அப்படியே கருகும். உயிர் உள்ளதிலும், உயிரிலிருந்து வந்ததிலும் இந்தக் கரி இருக்கிறது. இதைக் கரிமம் என்று சொல்வார்கள். கார்பன் என்றும் சொல்வார்கள்.

தண்ணீரில் மிதக்கும் சருகிலும் கரிமம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்துபோன சாற்றிலும் கரிமம் உண்டு. அதற்குக் கரைந்த கரிமம் என்று பெயர்.

விஞ்ஞானிகள் இதை எப்படிப் பிரிக்கிறார்கள்? அவர்களும் வடிகட்டித்தான் பிரிக்கிறார்கள். அவர்களுடைய வடிதாள் மிக நுட்பமானது. ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கைவிடச் சிறிய துளைகள் அந்தத் தாளில் உண்டு. அதையும் தாண்டி வருவதைக் கரைந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படி வந்த நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரிமம் என்று அளக்கிறார்கள்.

உலகத்து ஆறுகளை எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் வரும். கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு கன மீட்டர். ஓர் ஏரியில் 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரைந்திருக்கும் கரிமம் 5,000 கிலோ. அதாவது 5 டன். கரையில் நின்று பார்த்தால் ஒரு துரும்பும் தெரியாது.

பாலாற்றுத் தலைமாட்டில்

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கோலார் மாவட்டத்தின் வழியாக வருகிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் என்று ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. ஓடுகிறது என்று சொல்வது பழக்கத்தால்தான். பல வருடங்களில் அது மணலாகத்தான் கிடக்கிறது.

பேத்தமங்களா ஏரி இந்தப் பாலாற்றின் மேல் அமைந்தது. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். அது ஓர் அரசன் பெயரால் வந்த பெயர். ஏரி மிகப் பழையது. மழை பெய்யும் நான்கு மாதத்து நீரைத் தேக்கி மற்ற எட்டு மாதத்தை ஓட்டுவது இந்தச் சீமையின் வழக்கம். அதனால்தான் கோலார் மாவட்டம் முழுவதும் ஏரியும் குளமுமாக இருக்கிறது. மேல் ஏரி நிரம்பி கோடி போனால் அந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். ஒரு சங்கிலி போல.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகச் சுரங்கம் போயிற்று. மின்சாரம் இருந்தால் போதுமா? ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பேத்தமங்களாவில் நீரேற்று நிலையம் அமைத்தார்கள். ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து குழாய் வழியாகத் தங்கவயலுக்கு ஏற்றினார்கள். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஊரிகாம், உரிகம்பேட்டை என்று லைன் வீடுகளில் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள் பல தலைமுறைகளாக இந்த ஏரியைக் குடித்து வளர்ந்தவர்கள்.

அவர்களில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்தச் சீமைக்கும் இதே பாலாறுதான். ஆற்றின் கீழிருந்து கிளம்பி, ஆற்றின் தலைமாட்டுக்கு வந்து குடியேறினார்கள். ஊர் மாறியது. ஆறு மாறவில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று. தாகம் போகவில்லை. இன்றும் காலையில் எத்தனையோ பேர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஏரி வற்றிய வருடங்களில் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி.

முதல் மழை

வெயில் காலத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதில் சருகு சேரும். ஆடு மாடு போட்ட சாணம், புழுக்கை சேரும். புல் காய்ந்து மடங்கும். கல்யாண வீட்டு இலையும், கோழிக்கடைக் கழிவும் அங்கேதான் கொட்டப்படுகின்றன. கொட்டாதே என்று எழுதிய பலகைக்குக் கீழேயே கொட்டுவதும் உண்டு.

முதல் மழை வந்ததும் இதெல்லாம் ஊறுகிறது. மூன்று நான்கு மாதம் சேர்ந்த சாறு முதல் வெள்ளத்தில் ஏரிக்கு இறங்குகிறது. முதல் வெள்ளம் பழுப்பாக இருக்கும். கரையோரம் நுரை ஒதுங்கும். அந்தப் பழுப்பில் பாதி மண். மண் இரண்டு நாளில் படிந்துவிடும். மீதி இலைச் சாறு. அது படியாது.

தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்ளே உரைத்தால் கலங்கல் தெளிகிறதே, இதுவும் தெளியாதா என்று ஒரு பாட்டி கேட்கலாம். நல்ல கேள்விதான். தேற்றாங்கொட்டை மண்ணைப் பிடித்துக் கீழே இறக்கும். சாற்றை அந்த அளவுக்குப் பிடிக்காது. படிகாரம் சாற்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுகிறார்கள். படிகாரமும் முழுவதையும் பிடிக்காது.

எல்லா இலையும் ஒரே அளவில் சாறு விடுவதில்லை. கோலார் மாவட்டத்தில் தைல மரத்தைக் காடு காடாக நட்டார்கள். அதன் இலை தண்ணீரில் நிறைய சாறு விடும். அந்தச் சாறு எளிதில் அழுகாது. தைல மரம் நிலத்து நீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் பல வருடம் முறையிட்டார்கள். 2017-ல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது. நீர் குறைவது பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நீரின் குணம் பற்றிப் பேச்சு எழவே இல்லை.

யார் சாப்பிடுகிறார்கள்?

அரிசி கழுவிய கழுநீரை ஒரு சட்டியில் வையுங்கள். மறுநாள் புளித்திருக்கும். நுரைத்திருக்கும். கழுநீரில் கரைந்திருந்த மாவை நுண்ணுயிர்கள் சாப்பிட்டதால் வந்த புளிப்பு அது. ஏரியும் ஒரு பெரிய கழுநீர்ச் சட்டிதான்.

இலைச் சாறு வந்து இறங்கியதும் ஏரியில் உள்ள பாக்டீரியாக்கள் சாப்பிடத் தொடங்குகின்றன. சர்க்கரை போன்ற இனிப்பான பங்கை முதலில் தின்கின்றன. அது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொஞ்சம் கடினமானது. கடைசியில் பழுப்பு நிறச் சாறு மிஞ்சும். அதைத் தின்பது கஷ்டம். பட்டாணிக் கடலையில் கடைசியில் மிஞ்சும் கல் கடலை மாதிரி.

பாக்டீரியாவை இன்னும் கொஞ்சம் பெரிய நுண்ணுயிர் தின்கிறது. அதை நீர்ப்பூச்சி தின்கிறது. நீர்ப்பூச்சியை மீன் குஞ்சு தின்கிறது. மீனை மனிதர் பிடிக்கிறார்கள், கொக்கும் பிடிக்கிறது. கரையோரத்துப் புங்க மரத்தின் இலையில் ஒரு துளி இப்படிச் சுற்றி வந்து ஒரு வீட்டுக் குழம்புச் சட்டியில் சேரலாம். கரைந்துபோனது மறுபடி உருவம் எடுக்கிறது. விஞ்ஞானிகள் இந்த வழியைக் கவனித்துப் புரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். மீன் பாசியைத் தின்னும் வழியைத்தான் அதற்கு முன் பெரிதாக எண்ணியிருந்தார்கள்.

சாப்பிடும் பாக்டீரியா சும்மா சாப்பிடுவதில்லை. மூச்சும் விடுகிறது. தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. கரியமில வாயுவை வெளியே விடுகிறது. அளவாக இருந்தால் ஏரி தாங்கும். சாக்கடையும் கழிவும் ஒரே நாளில் வந்து இறங்கினால் தாங்காது. பாக்டீரியா பெருகிப் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். இரவில் பாசியும் மூச்சு வாங்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அன்றைக்கே வெள்ளை வயிறு தெரியச் செத்து மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை வரும். பல சமயம் விஷம் எதுவும் இல்லை. மீனுக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

வெயிலும் ஒரு வேலை செய்கிறது. பழுப்புச் சாற்றை வெயில் உடைக்கிறது. வெளியில் காயப்போட்ட சாயத் துணி வெளுக்கிறதே, அதுபோல. பாக்டீரியாவால் கடிக்க முடியாததை வெயில் துண்டு துண்டாக்கித் தருகிறது. பிறகு பாக்டீரியா தின்கிறது. பேத்தமங்களா போன்ற அகலமான, ஆழம் குறைந்த ஏரியில் வெயிலுக்கு வேலை அதிகம்.

ஏரி வெளியிலிருந்து வரும் சாற்றை மட்டும் வைத்துப் பிழைப்பதில்லை. தானும் செய்துகொள்கிறது. பாசி வளரும்போது தன் உடம்பிலிருந்து இனிப்பான சாற்றைக் கசியவிடும். ஆகாயத்தாமரை மடிந்து அழுகும்போது ஒரே சமயத்தில் ஏராளமாகக் கசியவிடும். ஆகாயத்தாமரையை மருந்தடித்துக் கொன்று ஏரிக்குள்ளேயே விட்டுவிட்டால் ஏரி சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே அது சாறாக இறங்கிக்கொண்டிருக்கும். வாரிக் கரையேற்றி எருவாக்குவதுதான் வேலை.

கொப்புளம்

ஏரியின் சேற்றில் ஒரு கழியைக் குத்திப் பாருங்கள். கொப்புளம் கொப்புளமாக வாயு வரும். அது சேற்று வாயு. மீத்தேன் என்று பெயர். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதுதான். சேற்றுக்குள் பிராணவாயு கிடையாது. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று இந்த வாயுவை விடுகின்றன.

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் இலை செய்தது. இலை ஏரியில் கரைந்தது. இப்போது வாயுவாகி மறுபடி காற்றுக்குப் போகிறது. ஒரு சுற்று முடிந்தது.

ஆறு என்றால் நிலத்திலிருந்து கடலுக்குப் பொருளைக் கொண்டுபோகும் குழாய் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2007-ல் விஞ்ஞானிகள் சிலர் உலகக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். நிலத்திலிருந்து ஆறு, ஏரிகளுக்கு வருடத்துக்கு சுமார் 190 கோடி டன் கரிமம் வருகிறது. கடலுக்குப் போய்ச் சேர்வது சுமார் 90 கோடி டன்தான். சுமார் 20 கோடி டன் சேற்றில் புதைகிறது. மீதி வழியிலேயே காற்றில் போய்விடுகிறது. பின்னால் வந்த கணக்குகளில் காற்றுக்குப் போகும் பங்கு இன்னும் கூடுதலாகவே வந்தது.

தென்னிந்தியாவிலும் அளந்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் 45 நீர்நிலைகளில் அளந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஏரி, குளம், ஆறு, வயல் கிணறு வரை அதில் உண்டு. அதைக் கொண்டு இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டார்கள். நீர்நிலைகளிலிருந்து வருடத்துக்கு சுமார் 2 கோடியே 20 லட்சம் டன் கரியமில வாயுவும், சுமார் 21 லட்சம் டன் மீத்தேனும் வெளியேறுவதாக வந்தது. டன் கணக்கில் மீத்தேன் குறைவு. பூமியைச் சூடாக்குவதில் அதுதான் பெரிய பங்கு. சாக்கடை கலந்த குளத்திலிருந்து கொப்புளம் அதிகம் வரும். ஏரியைக் கெடுப்பது ஊரை மட்டும் பாதிப்பதில்லை என்பது இப்படி எண்ணிக்கையில் தெரிய வந்தது.

வண்டி மண்

சேற்றில் தங்கும் பங்கு ஒன்று உண்டு அல்லவா? அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

கரைந்த சாற்றில் ஒரு பங்கு களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு கீழே படிகிறது. மேலே மிதந்த சருகும் பாசியும் மடிந்து படிகின்றன. எல்லாம் சேர்ந்து வண்டல். கறுத்த, மெத்தென்ற மண். கையில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு, கரிமத்தின் கறுப்பு.

ஏரி வற்றிய கோடையில் விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டலை வெட்டி எடுப்பார்கள். வயலில் கொட்டிப் பரப்புவார்கள். கேழ்வரகு வயலுக்கு அதுதான் உரம். மேட்டு நிலத்திலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த சத்து, வண்டியேறி மேட்டு நிலத்துக்கே திரும்பிப் போயிற்று. ஏரியும் ஆழமாயிற்று. யாரும் அவர்களுக்குக் கரிமச் சுழற்சி என்று பாடம் நடத்தவில்லை. மாட்டு வண்டியால் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மூட்டை உரம் வந்தது. வண்டி குறைந்தது. வண்டல் எடுப்பது நின்றது. ஏரி மேடாயிற்று. மேடான ஏரியில் தண்ணீர் பரந்து ஆழமின்றி நிற்கும். சீக்கிரம் சூடாகும். சீக்கிரம் வற்றும். வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணீரில் சாறு கெட்டியாகும். அடுப்பில் வற்றும் ரசம் போல. சித்திரை, வைகாசியில் ஏரித் தண்ணீர் ஒரு மாதிரி மண் வாடை, பாசி வாடை அடிப்பது இதனால்தான்.

இப்போது ஜேசிபி வைத்துத் தூர் வாருகிறார்கள். நல்லதுதான். எடுத்த வண்டல் வயலுக்குப் போகிறதா, செங்கல் சூளைக்குப் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். சூளைக்குப் போனால் அதிலிருக்கும் கரிமம் புகையாகிவிடும்.

குழாயடியில்

ஏரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதற்கு முன் குளோரின் கலக்கிறார்கள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கொல்வதற்காக. கிராமத்தில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார்கள். 1,000 லிட்டருக்கு நல்ல ப்ளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் என்பது பொதுவான அளவு.

இந்த அளவு தெளிந்த நீருக்கு. சாறு இறங்கிய நீரில் என்ன நடக்கும்? குளோரினுக்குக் கிருமி எது, இலைச் சாறு எது என்று தெரியாது. எதிரில் வந்ததோடு எல்லாம் மோதும். சாற்றோடு மோதியே பாதி தீர்ந்துவிடும். மிஞ்சியது குழாயில் போகப் போகக் குறையும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்காது. அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் முதலில் வயிறு போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-ல் திருத்திய இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியில் இருந்தால் போதாது. குடிப்பவர் குழாயிலும் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். பெட்டியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளே வராவிட்டால் குளோரின் இல்லை. சோதித்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொட்டிவிட வேண்டும். வாட்டர்மேனிடமோ சுகாதார ஊழியரிடமோ இந்தப் பெட்டி இருக்கும். "அண்ணா, எங்க தெருக் கடைசிக் குழாயில ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் அவர் மறுக்கக் காரணம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இலைச் சாறும் குளோரினும் சேர்ந்தால் புதுப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று குளோரோஃபார்ம். 1974-ல் ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த ஜான் ரூக் என்ற வேதியியலாளர் இதை வெளிப்படுத்தினார். அதுவரை குளோரின் போட்டால் கவலை இல்லை என்று இருந்தார்கள். இந்தப் பொருள்கள் நீண்டகாலம் அதிகமாக உடம்பில் சேர்ந்தால் கெடுதல். இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு யாரும் குளோரின் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. குளோரின் இல்லாத அழுக்குத் தண்ணீர் ஒரே வாரத்தில் ஆளைக் கொல்லும். குளோரோஃபார்ம் பயம் அதற்கு அடுத்தது. செய்ய வேண்டியது, குளோரின் போடுவதற்கு முன்பே சாற்றைக் குறைப்பது. படிகாரம் போட்டுப் படியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, அதற்குப் பிறகு குளோரின் போட்டால் இரண்டு தொல்லையும் குறையும். நிறைய பழுப்பான நீருக்கு நிறைய ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவது சுலப வழி. அது நல்ல வழி இல்லை. வாய்க்காலில் சருகும் கழிவும் சேராமல் மழைக்கு முன்பே வாரிவிட்டால், படிகாரச் செலவும் மிச்சம்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். மூடாமல் கொதிக்கவிட்டால் குளோரோஃபார்மும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். பழுப்பு நிறம் மட்டும் போகாது. டீயைக் கொதிக்கவைத்தால் நிறம் போகிறதா என்ன?

பழுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்றும் எண்ண வேண்டாம். தென் அமெரிக்காவில் ரியோ நீக்ரோ என்று ஒரு பெரிய ஆறு இருக்கிறது. கறுப்பு ஆறு என்று அர்த்தம். காட்டு இலைச் சாற்றால் அதன் நீர் கடுந்தேநீர் நிறம். அதில் ஏராளமான மீன் வகைகள் வாழ்கின்றன. கண்ணாடி போல் இருக்கும் நீரில் காலராக் கிருமி இருக்கவும் கூடும். கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாத விஷயம் இது.

பெங்களூரிலிருந்து வரும் நீர்

கோலார் மாவட்டத்துக்கு இப்போது புதிதாக ஒரு நீர் வருகிறது. பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக இந்த மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் அது. 2018 ஜூனில் முதலில் லட்சுமிசாகர ஏரிக்கு நீர் வந்தது. வறண்டு கிடந்த ஏரியில் தண்ணீரைப் பார்த்து ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே நுரை பொங்கியது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. உச்சநீதிமன்றம் வரையும் போயிற்று. பிறகு திட்டம் தொடர்ந்தது.

நுரைக்கு ஜனங்கள் பயந்ததில் நியாயம் உண்டு. பெங்களூர் பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்து எரிந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அங்கே நுரை சாலை வரை பறந்து வந்தது. சோப்பும் சலவைத் தூளும்கூடக் கரைந்த கரிமம்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியாவை வைத்துத்தான் இதைத் தின்னவைக்கிறார்கள். இனிப்பானதை அது தின்றுவிடும். கல் கடலையை விட்டுவிடும். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தினால் அந்தக் கடினமான பங்கு ஏரிக்கு வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏரிகள் நிரம்பியதால் சுற்றிலும் கிணறுகளிலும் போர்வெல்களிலும் நீர் ஊறியது. ஆயிரம் அடி தோண்டியும் ஈரம் காணாத விவசாயிக்கு அது பெரிய விஷயம். அவரிடம் போய் இந்த நீர் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதே விவசாயி, "பயிருக்குச் சரி, குடிக்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நீரை ஒழுங்காக அளந்து, அளந்ததை ஊர்ச் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்பது அநியாயம் இல்லை.

கீழே போவது

2021 நவம்பரில் பெருமழை பெய்தது. பாலாற்றில் வெகுகாலம் காணாத வெள்ளம் வந்தது. மணலாகக் கிடந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கரைபுரண்டு ஓடியது.

அப்படி ஓடும் வருடத்தில் மேலேயிருந்து கரைந்த சாறும் கீழே போகிறது. ஒரு பங்கு கடலுக்குப் போகும். ஒரு பங்கு மணலில் இறங்கும். மணலில் இறங்கும்போது மணல் துகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா சாற்றைத் தின்றுவிடும். ஆற்றோர ஊற்று நீர் இனிப்பது அதனால்தான். மணலை லாரியில் அள்ளினால் இந்த இலவச வடிகட்டியும் லாரியில் போய்விடுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் தொழில் உண்டு. ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைப்பது பழைய முறை. பட்டையின் துவர்ப்புச் சாறும் கரைந்த கரிமம்தான். பிறகு குரோமியம் வந்தது. உப்பும் ரசாயனமும் ஆற்றில் சேர்ந்தன. 1996-ல் உச்சநீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றி முக்கியமான தீர்ப்பு அளித்தது. கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக உச்சநீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது.

இனி அந்தப் பாட்டிலுக்கு வரலாம். வடிகட்டிய பழுப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு கண்ணாடி பாட்டிலில் சமமாக ஊற்றி மூடுங்கள். ஒன்றைக் கூரை மேல் வெயிலில் வையுங்கள். இன்னொன்றை அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடாமல் இரண்டின் மேலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதத்தான் கற்றாயிற்றே. ஒரு மாதம் கழித்து இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலில் இருந்தது வெளுத்திருக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்புக்கு வரும்போது இரண்டு பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.